போக நாலு, வர ஐந்து

நீதிமன்றத் தாளில் நாலாம் பந்தி
பள்ளி விடுமுறையில் பாதி தகப்பனுக்கு என்கிறது.
தூரம் எவ்வளவு என்று அதில் இல்லை.
நான்தான் தேடிப் பிடித்து
ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் செருகி வைத்தேன்:
மூவாயிரத்து இருநூற்று எண்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

போனாலும் வந்தாலும் தூரம் அதேதான்.
நேரம் அப்படி இல்லை.
சிட்னியிலிருந்து ஆரபி பெர்த்துக்கு வர
ஐந்து மணித்தியாலமும் சில்லறையும்.
என்னை விட்டுத் திரும்ப
நாலு.

இது ஆடி மாதம்.
அம்மியையே பறக்கவைக்கும் காற்று என்பார்கள் எங்கள் பக்கம்.
இங்கே அது பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில்
ஒருவர் கண்ணிலும் படாமல்
மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது.
பிள்ளை வரும்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது,
போகும்போது முதுகில்.
"காற்றும் கௌசியின்ர பக்கம்தான்" என்று
வேலையிடத்தில் ஒருநாள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன்.
டேரன் சிரித்தான்.
எதற்கென்று அவனுக்கும் தெரியாது.

க்வினானாவில் எடைமேடை எனக்கு.
நிறைந்து வரும் லொறியை ஒருதரம் நிறுப்பேன்,
கொட்டிவிட்டுப் போகும் அதே லொறியை மறுதரம்.
கழித்தால் மிஞ்சுவது சரக்கு.
பதினொரு வருஷமாய் இந்த ஒரே கணக்கு.
ஐந்தில் நாலைக் கழித்து மிஞ்சும் மணித்தியாலம்
யாருடைய சரக்கு?
அதற்கு மட்டும் பற்றுச்சீட்டு எழுதத் தெரியவில்லை.

சனிக்கிழமை. தொலைபேசித் திரையில்
சின்ன மஞ்சள் விமானம்
அடிலெய்டைக் கடந்து பெருங்குடாவின் நீலத்துக்குள் இறங்கியது.
நீலத்தில் அசைவது தெரியாது.
நின்றுவிட்டதோ என்று இரண்டுமுறை விரலால் இழுத்துப் பார்த்தேன்.
கௌசியும் இதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.
ஒரே பொருளை ஒரே நேரத்தில்
நாங்கள் இரண்டு பேரும் பார்ப்பது
இப்போது இது ஒன்றுதான்.

வாசலில் சாரதி உரிமத்தைக் காட்டி
'பெற்றுக்கொண்டேன்' என்ற கோட்டில் ஒப்பமிட்டேன்.
கழுத்தில் சிவப்புப் பட்டி, கையில்
எனக்கென்று மிச்சம் வைத்த அரை பிஸ்கட்.
நொறுங்கித்தான் இருந்தது.

டோன்கின் நெடுஞ்சாலையில் காற்றைப் பற்றிச் சொன்னேன்.
நெஞ்சு, முதுகு எல்லாம் சொல்லவில்லை.
வேகம், திசை, அவ்வளவுதான்.
ஒன்பது வயது. வாயை அசைத்து எதையோ எண்ணினாள்.
பிறகு,
"இல்லை அப்பா. நான் ஒன்பது மணிக்கு ஏறினனான்.
இறங்கேக்க உங்கட மணிக்கூட்டில பன்னிரண்டேகால்.
மூண்டேகால் மணித்தியாலம்தான்.
திரும்பிப் போகேக்க பத்துக்கு ஏறினா
அங்க நாலு மணியாகியிடும். ஆறு!
அப்ப அம்மான்ர வீடுதான் தூரம்.
உங்கட வீடு கிட்ட."

நேர வலயம் என்றொரு சொல்
நாக்கின் நுனி வரைக்கும் வந்தது.
சிக்னல் பச்சையானது.
நான் வண்டியை எடுத்தேன்.

பத்து நாள்.
அவள் மணிக்கூட்டை மாற்றவே இல்லை.
ஆறு மணிக்கே பசிக்கிறது என்பாள்,
நானும் ஆறு மணிக்கே சோறு போடப் பழகினேன்.

டிக்கெட் இல்லாதவனையும் இங்கே
கேட் வரைக்கும் விடுகிறார்கள்.
கண்ணாடிக்கு அப்பால் அந்த வால் திரும்பி
வரிசையில் நின்று
பிறகு இல்லாமல் போயிற்று.

வீட்டுக்குப் போகலாம்தான்.
வண்டி நிறுத்துமிடத்திலேயே இருந்தேன், மடியில் தொலைபேசியோடு,
மஞ்சள் புள்ளி சிட்னியில் தரை தொடும் வரை.
மூன்று மணித்தியாலம் ஐம்பத்திரண்டு நிமிஷம்.
நன்றாகத்தான் தள்ளியிருக்கிறது.

தடுப்புக் கம்பி அருகே இயந்திரம்
என் சீட்டை உள்ளே இழுத்து,
வந்த நேரத்தைப் பார்த்தது, போகும் நேரத்தைப் பார்த்தது,
கழித்து
ஒரு தொகை சொன்னது.
கட்டினேன்.
கம்பி உயர்ந்தது.